வீட்டுப் பூச்சிகளும் ஒட்டுண்ணி நோய்களும்: கிராமத்து வீடுகளுக்கான முழுமையான வழிகாட்டி

வீட்டில் பூச்சி பெருகிவிட்டது என்றால் உடனே மருந்து டப்பாவைத்தான் தேடுகிறோம். அடித்தால் இரண்டு நாள் நிம்மதி, அப்புறம் பழையபடி வந்துவிடும். கண்ணில் பட்ட பூச்சி செத்தது உண்மைதான். ஆனால் அது பகலில் பதுங்கும் சுவர் விரிசலும், முட்டையிடும் சாக்கடையும் அப்படியே இருக்கின்றன.

ஒட்டுண்ணி நோய்கள் இருக்கும் பகுதிகளில் இது வெறும் தொல்லையோடு முடிவதில்லை. மலேரியா, யானைக்கால், கருங்காய்ச்சல், சாகாஸ் ஆகியவற்றைப் பரப்பும் பூச்சிகள் மனிதர் தூங்கும் அறையிலும் அதை ஒட்டிய தொழுவத்திலும்தான் குடியிருக்கின்றன. ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க ஒரே கேள்வியைப் பின்தொடர்ந்து போகிறது: இந்தப் பூச்சி எங்கே ஒளிகிறது, எங்கே பெருகுகிறது? எல்லா நோயும் எல்லா ஊரிலும் கிடையாது. உங்கள் பகுதியில் எது இருக்கிறது என்று பக்கத்துச் சுகாதார நிலையத்தில் முதலில் கேட்டுத் தெரிந்துகொண்டால், கீழே சொல்வதில் எதில் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது புரிந்துவிடும்.

படி 1: எந்தப் பூச்சி, எந்த வழி?

ஒட்டுண்ணி பூச்சியிடமிருந்து நம்மிடம் வரும் வழி பூச்சிக்குப் பூச்சி மாறும். அந்த வழியைப் பொறுத்துத்தான் தடுப்பும்.

முதலில் கொசு. மலேரியாவைப் பரப்புவது அனாஃபிலிஸ். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் மருத்துவர் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். யானைக்கால் புழுவை அதிகம் பரப்புவது கியூலெக்ஸ். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் எச்சிலோடு நேராக உடம்புக்குள் போகிறது. யானைக்கால் புழு அப்படிப் போவதில்லை. கொசு கடிக்கும்போது இளம்புழுக்கள் தோலின் மேல் இறங்கி, கடித்த துளை வழியாகத் தாமே ஊர்ந்து உள்ளே நுழைகின்றன. பல இளம்புழுக்கள் வழியிலேயே செத்துவிடும். அதனால் ஒன்றிரண்டு கடியில் இந்த நோய் வருவது அரிது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வாங்கும் கடிகள் சேர்ந்துதான் உடம்பில் புழு தங்குகிறது. கடியின் எண்ணிக்கையைக் குறைத்தாலே பலன் உண்டு என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அடுத்தது மணல் ஈ. கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரைப் பரப்புவது இதுதான். 2 முதல் 3 மில்லிமீட்டர்தான் நீளம். கொசுவில் மூன்றில் ஒரு பங்கு அளவு. மங்கிய பழுப்பு நிறம், உடம்பெங்கும் மெல்லிய மயிர். உட்காரும்போது இரண்டு இறக்கைகளையும் மேல்நோக்கி விரித்தே வைத்திருக்கும். கொசு தன் இறக்கைகளை முதுகின் மேல் மடித்துக்கொள்ளும். மணல் ஈ ரீங்காரமும் செய்யாது. காதருகே சத்தம் கேட்டால் அது கொசு. மணல் ஈ சரியாகப் பறக்காமல் சுவரில் தத்தித் தத்திப் போகும். இது தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈரமும் மக்கிய குப்பையும் சாணமும் கலந்த மண்ணில், தொழுவத்துத் தரை வெடிப்பில், சுவரின் அடிப்பகுதியில் முட்டையிடும். தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதால் இது குறையாது என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாவது, மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான கிராமங்களில் வாழும் வின்சூக்கா என்ற பூச்சி. சாகாஸ் நோயைப் பரப்புவது இதுதான். மூட்டைப்பூச்சியைவிடப் பல மடங்கு பெரியது. வளர்ந்தது 2 முதல் 3 சென்டிமீட்டர் இருக்கும். தலை நீண்டு கூம்பியிருக்கும், வயிற்றின் ஓரங்களில் பெரும்பாலும் மஞ்சள் அல்லது சிவப்புப் பட்டைகள் தெரியும். இரவில் எல்லோரும் தூங்கியபின் சுவர் விரிசலிலிருந்தோ கூரையிலிருந்தோ இறங்கி வந்து, போர்வைக்கு வெளியே இருக்கும் முகத்தில் கடிக்கும். கடி வலிக்காது, தூக்கம் கலையாது. நிதானமாக ரத்தம் குடித்து வயிறு உப்பியதும், குடித்துக்கொண்டிருக்கும்போதே அல்லது குடித்து முடித்த கையோடு, அங்கேயே எச்சமிடும். ஒட்டுண்ணி இருப்பது அந்த எச்சத்தில். அரிப்பெடுத்துத் தூக்கத்தில் சொறியும்போது அது கடிவாய்க்குள் போகிறது; அதே கையால் கண்ணைக் கசக்கினால் கண் வழியாகப் போகிறது. குஞ்சிலிருந்து வளர்ந்த பூச்சியாக ஐந்து பருவங்களைக் கடக்க வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் இதற்கு ரத்தம் தேவை. ஆண், பெண் இரண்டுமே குடிக்கும்.

சாகாஸ் நோயைக் கண்டறிந்த விதமே வீட்டைப் பார்ப்பதன் அவசியத்தைச் சொல்லும். பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் பகுதியில் ரயில் பாதை போடும் தொழிலாளர்களிடையே மலேரியாவைக் கட்டுப்படுத்தப் போனவர் மருத்துவர் கார்லோஸ் சாகாஸ். அங்கிருந்த குடிசைச் சுவர்களில் நிறைந்திருந்த பூச்சியைப் பற்றி அவருக்குச் சொன்னார்கள். பூச்சியை அறுத்துப் பார்த்தபோது குடலில் புதியதொரு ஒட்டுண்ணி தெரிந்தது. நோயாளி அப்புறம்தான் கிடைத்தார்: 1909 ஏப்ரல் 14 அன்று லசான்ஸ் என்ற ஊரில் காய்ச்சலோடு இருந்த ஒரு சிறுமியின் ரத்தத்தில் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். பூச்சி, ஒட்டுண்ணி, நோய் மூன்றையும் ஒரே மனிதர் கண்டறிந்தது மருத்துவ வரலாற்றில் அபூர்வம்.

ஈயும் கரப்பானும் வேறு ரகம். இவற்றின் உடம்பில் ஒட்டுண்ணி வளர்வதில்லை; சுமந்து வருகின்றன, அவ்வளவுதான். மலத்தில் உட்கார்ந்த ஈ அமீபா, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணிகளின் கூடுகளையும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகளையும் காலிலும் குடலிலும் எடுத்துக்கொண்டு நேராகச் சோற்றுத் தட்டுக்கு வரும். திட உணவை ஈயால் மெல்ல முடியாது. அதனால் வயிற்றில் இருப்பதைக் கக்கி உணவைக் கரைத்து உறிஞ்சுகிறது. ஈ உட்கார்ந்து எழுந்த இடத்தில் அது கக்கியதும் எச்சமும் மிச்சமிருக்கும்.

பூச்சியையே விழுங்கி நோய் வாங்குவதும் உண்டு. தானியத்திலும் மாவிலும் வரும் வண்டுக்குள் எலியின் நாடாப்புழு தன் இளம்பருவத்தில் வளரும். நாயின் தெள்ளுப்பூச்சியிலும் அப்படி ஒரு நாடாப்புழு வளரும்; நாயோடு விளையாடும் சிறு குழந்தைகள் தெரியாமல் அந்தத் தெள்ளை விழுங்கிவிடுகிறார்கள். மாவைச் சலித்து நன்றாக வேகவைப்பதும், நாய்க்குத் தெள்ளு மருந்து போடுவதும் இதற்குப் போதும்.

மூட்டைப்பூச்சியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். கடிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், தோல் தடிக்கும். ஆனால் வீடுகளில் அது மனிதருக்கு ஒட்டுண்ணி நோய் பரப்புவதாக நிரூபணம் இல்லை. கையில் இருக்கும் பணமும் நேரமும் குறைவு என்றால் கொசுவுக்கும் மணல் ஈக்கும் வின்சூக்காவுக்கும் முதலிடம் கொடுங்கள்.

படி 2: டார்ச்சோடு வீட்டைச் சோதித்தல்

பகலில் ஒரு முறை, இரவில் ஒரு முறை. இரண்டும் வேண்டும்.

பகல் சோதனையில் பூச்சி விட்டுப்போன தடயங்களைத் தேடுகிறோம். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். தலைமாட்டுப் பக்கச் சுவரில் விரிசல் ஒவ்வொன்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். காலண்டர், படங்கள், தொங்கும் துணிகளின் பின்புறம், பாயின் மடிப்பு, பரணில் வருடக்கணக்காக அசையாமல் கிடக்கும் மூட்டைகள், கூரை சுவரோடு சேரும் இடம் எல்லாவற்றையும் பாருங்கள். வின்சூக்கா இருக்கும் வீட்டில் சுவரில் மேலிருந்து கீழாக வழிந்து காய்ந்த கறுப்பு, வெள்ளை எச்சக் கோடுகள் தெரியும். உரித்துப்போட்ட தோல்களும் முட்டைகளும் விரிசலுக்குள் கிடக்கும்.

லத்தீன் அமெரிக்க நாடுகளில் பயன்பட்ட ஓர் எளிய உத்தி எனக்கு மிகவும் பிடித்தது. வெள்ளைக் காகிதம் ஒன்றைக் கட்டிலுக்கு மேலே சுவரில் குத்தி, மேல் மூலையில் தேதியை எழுதி விட்டுவிடுவார்கள். பூச்சி காகிதத்துக்கும் சுவருக்கும் இடையில் ஒளியும். அல்லது மேலே நடந்துபோய் எச்சமிடும். சில மாதம் கழித்துக் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தால் கறை இருக்கிறதா இல்லையா என்பது தெரிந்துவிடும். மருந்து தெளித்தபின் பூச்சி திரும்பி வந்ததா என்று கண்காணிக்கவும் இதே காகிதம் போதும். செலவு ஏதுமில்லை, எழுதப் படிக்கத் தெரிந்த பள்ளிப் பிள்ளை ஒருவரே பொறுப்பேற்றுப் பார்த்துக்கொள்ளலாம்.

இரவுச் சோதனைக்கு விளக்கை அணைத்துச் சில மணி நேரமாவது போக வேண்டும். சட்டென்று டார்ச்சைப் போட்டுப் படுக்கையைச் சுற்றிய சுவரையும் தலையணையின் அடியையும் பாருங்கள். மணல் ஈ இருக்கும் பகுதி என்றால் இரவோடு விடியற்காலையிலும் ஒருமுறை பாருங்கள். ரத்தம் குடித்த மணல் ஈ தூரம் போகாது. அறையின் இருண்ட மூலையில், சுவரின் கீழ்ப்பாதியில், வயிறு சிவந்து உட்கார்ந்திருக்கும். தொழுவத்தையும் விட்டுவிடாதீர்கள். வீட்டுக்குள் ஒன்று தெரிந்தால் தொழுவத்தில் பல இருக்க வாய்ப்பு அதிகம்.

படி 3: பிடிப்பதும் ஒப்படைப்பதும்

சந்தேகப்படும் பூச்சியைச் செருப்பால் அடித்து நசுக்காதீர்கள். வின்சூக்கா என்றால் நசுங்கும்போது உள்ளிருக்கும் ஒட்டுண்ணி தெறிக்கும். நசுங்கிய பூச்சியை வைத்து எந்த வகை என்றும் சொல்ல முடியாது. ஒரு டப்பாவை அதன் மேல் கவிழ்த்து, அடியில் தடித்த காகிதத்தைச் செருகித் திருப்பி மூடிவிடுங்கள். வெறுங்கையால் தொட வேண்டாம். கையுறை இல்லையென்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பூச்சி ஊர்ந்த இடத்தை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள்.

டப்பாவின் மேல் பிடித்த தேதி, வீடு, எந்த அறை, எந்த இடம் என்று எழுதிச் சுகாதாரப் பணியாளரிடம் கொடுங்கள். கடைசி விவரம் முக்கியம். கட்டிலுக்கு மேல் சுவரில் கிடைத்த குஞ்சும், தெருவிளக்கைப் பார்த்துப் பறந்து வந்த வளர்ந்த பூச்சியும் ஒன்றல்ல. குஞ்சுக்கு இறக்கை கிடையாது. அது வீட்டுக்குள் இருந்தால் பூச்சி வீட்டுக்குள்ளேயே பெருகுகிறது என்று அர்த்தம்.

படி 4: சுவர், கூரை, தரை

என்னைக் கேட்டால் இதுதான் இந்த வழிகாட்டியின் மையம். மருந்து தெளித்தால் சில மாதம் தாங்கும். நன்றாகப் பூசிய சுவர் பல வருடம் தாங்கும்.

விரிசல் அடைப்பதில் பலரும் செய்யும் தவறு, வெளியே தெரியும் பெரிய வெடிப்பை மட்டும் அடைப்பது. பூச்சிக் குஞ்சுக்கு ஒரு காகித அட்டை நுழையும் இடைவெளியே தாராளம். ஆகவே தலைமாட்டுச் சுவரில் தொடங்கி அறை முழுவதையும் தரையிலிருந்து மேல்வரை தொடர்ச்சியாகப் பூசுங்கள். பழைய பூச்சு உதிர்கிறதென்றால் அதைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுப் பூச்சு. சுவரும் தரையும் சேரும் மூலையை இடைவெளி விடாமல் அடையுங்கள். மணல் ஈயும் தெள்ளும் பெருகுவது அங்கேதான்.

இதற்குச் சிமெண்டுதான் வேண்டும் என்பதில்லை. குவாத்தமாலாவில் மண் சுவர் வீடுகளில் வின்சூக்கா குடியேறிய கிராமங்களில், அங்கேயே கிடைக்கும் மண், மணல், எரிமலைச் சாம்பல் ஆகியவற்றைக் கலந்து வெடிக்காத பூச்சு ஒன்றை ஆராய்ச்சியாளர்களும் கிராமத்தாரும் சேர்ந்து உருவாக்கினார்கள். வீட்டுக்காரர்களே பூசிக்கொண்டார்கள். உங்கள் ஊரில் எந்த மண் காய்ந்தால் வெடிக்கும், எது வெடிக்காது என்று வீடு கட்டும் கொத்தனாருக்குத் தெரியும். சிறு பகுதியில் பூசிக் காயவிட்டு, வெடிக்கவில்லை என்று பார்த்தபின் அறை முழுக்கப் பூசுங்கள்.

ஓலைக் கூரையில் இரண்டு சிக்கல். வின்சூக்கா இனங்களில் சில பனை வகை மரங்களின் மட்டையில் இயல்பாகவே வாழ்கின்றன. வெட்டிய ஓலையோடு அவையும் வீட்டுக்கு வந்துவிடும். கூரையை உடனே மாற்ற எல்லோராலும் முடியாது. அப்படியென்றால் புது ஓலையை வேய்வதற்கு முன் ஒவ்வொன்றாக உதறிப் பாருங்கள், தூங்கும் இடத்துக்கு மேலே மட்டுமாவது இடைவெளி இல்லாத துணிக் கூரையோ பலகைக் கூரையோ போடுங்கள். இன்னொரு சிக்கல், கூரைக்கும் சுவருக்கும் நடுவே விடப்படும் திறப்பு. மலேரியாக் கொசு அதிகம் நுழைவது அதன் வழியாகத்தான். காம்பியாவில் நடந்த ஆய்வில், கதவு, சன்னல், கூரை இடுக்கு எல்லாவற்றுக்கும் வலை அடித்த வீடுகளிலும், வலைக் கூரை போட்ட வீடுகளிலும் குழந்தைகளின் ரத்தசோகை தெளிவாகக் குறைந்தது. வலை அடித்தால் காற்றும் தடைபடாது.

படி 5: கால்நடை, கோழி, விறகு

கோழிக்குச் சாகாஸ் நோய் வராது; பறவைகளின் உடம்பில் அந்த ஒட்டுண்ணி வளர்வதில்லை. ஆனால் வின்சூக்காவுக்கு வயிறார ரத்தம் கொடுப்பது கோழிதான். வீட்டுக்குள்ளோ கட்டிலுக்கடியிலோ கோழி அடைந்தால் பூச்சி பல மடங்கு பெருகும். நாய்க்கும் பூனைக்கும் நோயே வரும், அங்கிருந்து மனிதருக்குப் பரவும். மாட்டின் கதை வேறு. இந்தியத் துணைக்கண்டத்தில் கருங்காய்ச்சல் மனிதரிடமிருந்து மணல் ஈ வழியாக மனிதருக்கே பரவுகிறது. ஆனாலும் மாட்டு ரத்தமும் தொழுவத்து ஈர மண்ணும்தான் அந்த ஈயைப் பெருக்குகின்றன.

ஆக, தூங்கும் அறையோடு சுவரைப் பங்கிட்டுக்கொள்ளும் தொழுவமோ கோழிக்கூடோ வேண்டாம். நகர்த்தவே முடியாத நிலை என்றால் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரை விரிசலில்லாமல் பூசி, கூரை இடுக்கையும் அடைத்துவிடுங்கள். சாணத்தை அன்றாடம் அள்ளி வீட்டைவிட்டுத் தள்ளிய குழியில் போட்டு மண்ணால் மூடுங்கள். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக மாற 7 முதல் 10 நாள் போதும். குறைந்தது வாரம் ஒருமுறையாவது குப்பையும் சாணமும் முழுதாக அகற்றப்பட்டால் அந்தச் சுழற்சி அறுந்துபோகும். விறகு, செங்கல், ஓடு போன்றவற்றைச் சுவரில் சாய்த்து அடுக்காதீர்கள்.

படி 6: கழிவறை, சாக்கடை, செப்டிக் டேங்க்

கியூலெக்ஸ் கொசுவுக்கு அழுக்குத் தண்ணீர்தான் வேண்டும். மூடாத சாக்கடை, கழிவுநீர்க் குழி, மூடி உடைந்த செப்டிக் டேங்க் இவற்றில் கூட்டம் கூட்டமாகப் பெருகும். செப்டிக் டேங்க் மூடியைச் சுற்றி உள்ள வெடிப்பைச் சிமெண்டால் அடையுங்கள். காற்றுப்போக்கிக் குழாயின் வாயில் கொசுவலைத் துணியை இறுக்கிக் கட்டுங்கள். வெயில் படும் இடம் என்பதால் நைலான் துணி சீக்கிரம் கிழியும். மழைக்காலத்துக்கு முன் ஒருமுறை ஏறிப் பார்த்துவிடுங்கள்.

தண்ணீர் தேங்கும் கழிவறைக் குழிகளுக்கு இன்னொரு வழி உண்டு. பொருள் உடையாமலிருக்கப் பெட்டிகளில் வைக்கும் வெள்ளைத் தெர்மோகோலின் சின்னச் சின்ன மணிகளைத் தண்ணீரின் மேல் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் படியும்படி கொட்டுவது. கொசு முட்டையிட முடியாது, உள்ளிருக்கும் புழுவும் மேலே வந்து மூச்சுவிட முடியாது. மணிகள் மிதந்துகொண்டே இருப்பதால் வருடக்கணக்கில் பயன்தரும். 1980களின் கடைசியில் கிழக்கு ஆப்பிரிக்கத் தீவான சான்சிபாரின் மக்குண்டுச்சி என்ற ஊரில் யானைக்கால் மாத்திரையோடு சேர்த்து இதைச் செய்ததில் யானைக்கால் பரவல் வெகுவாகக் குறைந்தது. பின்னர் தமிழ்நாட்டில் திருக்கோவிலூர் வட்டாரக் கிராமங்களிலும் இது பரிசோதிக்கப்பட்டது. மூடிய குழிகளுக்கு மட்டும்தான் இது சரி; ஓடும் சாக்கடையில் கொட்டினால் மணிகள் அடித்துக்கொண்டு போய்க் குப்பைதான் சேரும்.

ஈ விஷயத்தில், குழிக் கழிவறை கட்டும்போதே ஒரு காற்றுக் குழாயைக் கூரைக்கு மேல் உயர்த்தி, அதன் வாயில் வலை கட்டிவிடுங்கள். கழிவறை உள்ளே இருட்டாக இருக்க வேண்டும். குழிக்குள் பிறந்த ஈ வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் மேலே ஏறும். வலை தடுப்பதால் அங்கேயே செத்து விழும். காற்று குழாய் வழியே மேலே போவதால் நாற்றமும் வெளியே போய்விடும். 1970களில் ஜிம்பாப்வேயில் உருவான வடிவமைப்பு இது. வெளிச்சம் வேண்டும் என்று சுவரில் பெரிய சன்னல் வைத்தால் ஈ குழாயை விட்டுவிட்டுச் சன்னல் வழியே வந்துவிடும்.

படி 7: கொசுவலை

மருந்தேற்றிய வலைதான் நல்லது. சாதாரண வலையின் கண்ணுக்குள் மணல் ஈ நுழைந்துவிடும். மருந்து ஏறியிருந்தால் நுழையும்போதே பாதிப்படையும். புது வலையை ஒரு நாள் நிழலில் காற்றாடப் போட்டுவிட்டுக் கட்டுங்கள். துவைத்தால் மென்மையான சோப்பு, நிழலில் உலர்த்தல். வெயில் மருந்தைச் சிதைத்துவிடும். அதிகமாகத் துவைக்கவும் வேண்டாம், ஏனென்றால் சுமார் 20 துவைப்பு வரைதான் மருந்து தாங்கும் என்ற கணக்கில் இவை செய்யப்படுகின்றன. வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகாமல் விட்டால் கட்டியும் கட்டாததுபோல்தான். வெளியே திண்ணையில் தூங்குபவருக்கும் வலை வேண்டும். வீட்டுக்குள் மட்டும் கட்டிவிட்டு வெயில் காலத்தில் வாசலில் படுத்தால் பயனில்லை.

படி 8: மருந்து தெளிக்க ஆள் வரும்போது

சுவரில் தங்கும் பூச்சிக்குச் சுவரில் மருந்து தெளிப்பது வலுவான ஆயுதம். ரத்தம் குடித்த பூச்சி போய் உட்காரும் இடத்திலேயே மருந்து இருக்கும். இந்தியாவில் கருங்காய்ச்சல் பகுதிகளில் சுவரில் 6 அடி உயரம் வரையும் தொழுவத்திலும் தெளிக்கிறார்கள். மணல் ஈ பெரும்பாலும் அதற்குமேல் போகாது. டிடிடிக்கு மணல் ஈ அசையாத நிலை வந்ததும் செயற்கைப் பைரித்ராய்டு மருந்துக்கு மாறினார்கள்.

தெளிப்புக்கு முந்தின நாளே உணவு, பாத்திரம், துணி, படுக்கை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவையுங்கள். கனமான சாமான்களை நடுவில் கூட்டிச் சேர்த்து மூடுங்கள். சுவர் முழுவதும் தெரிய வேண்டும். தெளித்து முடிந்ததும் சுவர் நன்றாகக் காயும்வரை, குறைந்தது 2 மணி நேரம், யாரும் உள்ளே போக வேண்டாம். கைக்குழந்தையோடும் கர்ப்பிணியோடும் இன்னும் கவனம். உள்ளே போனதும் செத்த பூச்சிகளைக் கூட்டிக் குழியில் புதையுங்கள். கோழி கொத்தவிடாதீர்கள்.

இதற்குப் பிறகு செய்யக் கூடாதது ஒன்றுண்டு. சுவரைக் கழுவுவது, வெள்ளையடிப்பது, மண் பூசுவது. பீகார் போன்ற இடங்களில் தெளிப்புக்குப் பின் மண் சுவரை மெழுகிவிடுவதால் மருந்து மண்ணுக்கடியில் போய்விடுவது பெரிய சிக்கலாக இருந்திருக்கிறது. படி 4ல் சொன்ன பூச்சு வேலையைத் தெளிப்புக்கு முன்பே முடித்துவிடுங்கள். தேதியை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொண்டால் இரண்டும் இடிக்காது. பூஜை அறைக்கும் படுக்கையறைக்கும் வேண்டாம் என்று மறுப்பவர்கள் இருப்பார்கள். படுக்கையறைதான் பூச்சியின் இருப்பிடம். அங்கே தெளிக்காவிட்டால் மற்ற அறைகளில் தெளித்ததற்குப் பெரிய பயன் இருக்காது.

வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தை வீட்டுக்குள் ஒருபோதும் அடிக்காதீர்கள். அளவு தெரியாது, சுவரில் எவ்வளவு நாள் நிற்கும் என்றும் தெரியாது. மூடிய அறையில் அது மனிதரைக் கொல்லும் அளவுக்கு விஷமாகலாம்.

தெளிப்பு ஒரு வீட்டோடு நின்றால் பூச்சி அடுத்த வீட்டிலிருந்து திரும்பும். தென் அமெரிக்காவின் தென்பகுதி நாடுகள் 1991ல் எல்லைகளைத் தாண்டிச் சேர்ந்து ஊர் ஊராக வேலை செய்தபின்புதான், அங்கே முக்கியமான வின்சூக்கா இனத்தின் வழிப் பரவல் உருகுவேயில் 1997லும் சிலியில் 1999லும் பிரேசிலில் 2006லும் நின்றுவிட்டதாகச் சான்றளிக்கப்பட்டது.

படி 9: உணவும் கையும்

சமைத்ததை மூடிவைப்பது, கழிவறை போனபின்னும் சாப்பிடும் முன்னும் சோப்பால் கை கழுவுவது, குழந்தையின் மலத்தையும் கழிவறையில் போடுவது. எல்லோருக்கும் தெரிந்தவைதான். தெரியாதது ஒன்று: சாகாஸ் உணவு வழியாகவும் வரும். வின்சூக்காவோ அதன் எச்சமோ விழுந்த கரும்பைப் பிழிந்த சாற்றால் 2005ல் பிரேசிலின் சாந்தா கத்தரீனா மாநிலத்தில் நோய்ப் பரவல் ஏற்பட்டது. பிழியும் இயந்திரத்தை இரவில் மூடிவையுங்கள்; அதற்கு மேலே விளக்கு எரியவிடாதீர்கள்.

படி 10: எப்போது பரிசோதனை, என்ன சிகிச்சை

காய்ச்சல் வந்தால் மலேரியா பகுதியில் அன்றே ரத்தப் பரிசோதனை. மறுநாள் பார்க்கலாம் என்று தள்ள வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் விடாத காய்ச்சல், உடல் மெலிவு, இடது விலாவுக்குக் கீழே மண்ணீரல் வீங்கித் தட்டுப்படுவது, வெளுப்பு: கருங்காய்ச்சல் பகுதியில் இவை சேர்ந்து வந்தால் உடனே போக வேண்டும். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் செய்யும் துரிதப் பரிசோதனை இருக்கிறது. சிகிச்சை இல்லாவிட்டால் 95 சதவீதத்துக்கு மேல் மரணம்தான். லைப்போசோமல் ஆம்ஃபோடெரிசின் பி என்ற மருந்தை ஒரே நாளில் ஒரே தவணையாக ஏற்றும் சிகிச்சை இந்தியத் துணைக்கண்டத்தில் நன்றாக வேலை செய்கிறது.

யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பெரும்பாலான பகுதிகளில் இரவில்தான் ரத்த ஓட்டத்தில் வரும், இரவு 10 மணி முதல் 2 மணி வரை மிக அதிகம். ரத்தம் எடுப்பவர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டுவது அதனால்தான், மறுக்காமல் கொடுங்கள். புழுவின் புரதத்தைக் கண்டுபிடிக்கும் பட்டைப் பரிசோதனையைப் பகலிலும் செய்யலாம். ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கும்போது நமக்கு ஒன்றுமில்லையே என்று தூக்கிப் போடாதீர்கள். புழு உடம்பில் 6 முதல் 8 வருடம் உயிரோடிருக்கும், வீக்கம் தெரிய வருவதற்குள் காலம் கடந்துவிடும். வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும், கடுமையான நோயில் இருப்பவர்களுக்கும் கிடையாது. மாத்திரைக்குப் பின் சிலருக்கு லேசான காய்ச்சலும் தலைவலியும் வரும். உள்ளே புழுக்குஞ்சுகள் சாவதன் விளைவு அது. ஏற்கனவே கால் வீங்கியவர்கள் தினமும் சோப்பால் கழுவி, விரல் இடுக்கை ஈரமில்லாமல் துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, காலை உயர்த்தி வைத்தால் அடிக்கடி வரும் காய்ச்சலும் வலியும் குறையும்.

சாகாஸ் பகுதியில் ஒரு பக்கக் கண்ணிமை மட்டும் வலியில்லாமல் வீங்கினால் சந்தேகப்படுங்கள். தொற்றிய உடனே பென்ஸ்நிடசோல் அல்லது நிஃபர்டிமாக்ஸ் கொடுத்தால் கிட்டத்தட்ட எல்லோருமே குணமாகிவிடுவார்கள். விட்டுவிட்டால் பல வருடம் ஒன்றும் தெரியாது. பிறகு சுமார் மூன்றில் ஒருவருக்கு இதயம் கெடும். அந்தப் பகுதியில் வளர்ந்த பெண்கள் கருத்தரிக்கும் முன்பே பரிசோதித்துச் சிகிச்சை எடுத்துக்கொண்டால் குழந்தைக்குப் போவதைத் தடுக்கலாம். கர்ப்பத்தின்போது இந்த மருந்துகள் கொடுப்பதில்லை.

கடைசியாகக் கருங்காய்ச்சலில் ஒரு விஷயம். 1903ல் இங்கிலாந்தில் வில்லியம் லெய்ஷ்மேனும் மதராஸில் சார்லஸ் டோனோவானும் தனித்தனியே கண்டறிந்த ஒட்டுண்ணி அது. பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அந்த நோயை ஒழித்த முதல் நாடாக 2023ல் வங்கதேசம் அங்கீகாரம் பெற்றது. நோய் இவ்வளவு குறைந்தபின்னும் அது மிஞ்சியிருப்பது குணமானவர்களில் சிலரின் தோலில். சிகிச்சை முடிந்து மாதங்களோ வருடங்களோ கழித்து முகத்திலும் உடம்பிலும் வெளிறிய திட்டுகளோ சிறு முடிச்சுகளோ வரலாம். வலிக்காது, அரிக்காது, உணர்ச்சியும் குறையாது. அதனால் யாரும் மருத்துவரிடம் போவதில்லை. ஆனால் அந்தத் திட்டில் ஒட்டுண்ணி இருக்கிறது, மணல் ஈ அதைக் கடித்தால் ஊரில் நோய் மறுபடி தொடங்கும். உங்கள் வீட்டில் யாருக்காவது முன்பு கருங்காய்ச்சல் வந்திருந்தால், பல வருடம் ஆகியிருந்தாலும், வெளிச்சத்தில் உட்காரவைத்து முகம், முதுகு, கைகளைப் பாருங்கள். திட்டு இருந்தால் பழைய சிகிச்சைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு அந்த வாரமே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள்.